ஒரு பாய் அளவு இடம்

கார் நிறுத்தக் கட்டிய அறையில் கார் இல்லை. பழைய மேசை நாற்காலிகள், பிள்ளைகள் ஒதுக்கிய பொம்மைகள், எங்கே வைப்பதென்று தெரியாத அட்டைப் பெட்டிகள் என அறை நிறைந்து கிடக்கிறது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஆய்வாளர்கள் பார்த்த வீடுகளில் நான்கில் மூன்று பங்கு இப்படித்தான் இருந்தன. 2001 முதல் 2005 வரை கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மானுடவியலாளர்களும் உளவியலாளர்களும் அங்கே 32 குடும்பங்களின் அன்றாடத்தைப் பதிவு செய்தார்கள். எல்லாமே பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும், பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் நடுத்தர வர்க்க வீடுகள். தொல்லியலாளர் ஜீன் அர்னால்டின் குழு, அகழாய்வுக் குழியில் பானை ஓடுகளை எண்ணுவதுபோல வீட்டுப் பொருள்களை எண்ணியது. முதலில் எண்ணி முடித்த வீட்டில் இரண்டு படுக்கையறைகளிலும் ஒரு வரவேற்பறையிலும் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தவை 2,260. அலமாரிக் கதவுக்குப் பின்னால் இருந்தவை இந்தக் கணக்கில் சேரவில்லை.

இந்தத் தம்பதிகளிடம் கேமராவைக் கொடுத்து, வீட்டைச் சுற்றிக் காட்டியபடியே பேசச் சொன்னார்கள். உளவியலாளர்கள் டார்பி சாக்ஸ்பியும் ரெனா ரெப்பெட்டியும் அந்தப் பேச்சை அலசினார்கள். அதே ஆட்களின் உமிழ்நீரில் கார்டிசால் அளவையும் பார்த்தார்கள். மன அழுத்தத்தோடு தொடர்புடைய இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருந்து, பொழுது சாயச் சாய இறங்க வேண்டும். வீடு அடைசலாகக் கிடக்கிறது, வேலை முடியாமல் நிற்கிறது என்று பேசிய பெண்களிடம் அந்த இறக்கம் மந்தமாக இருந்தது. காலையிலிருந்து மாலைக்குள் அவர்களுடைய மனச்சோர்வும் கூடியது. கணவர்களிடம் இப்படியொரு தெளிவான தொடர்பு தெரியவில்லை. 2010-இல் வெளிவந்த இந்த ஆய்வை வைத்து, அடைசலே சோர்வுக்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது; சோர்ந்த மனதுக்கு வீடு அடைசலாகத் தோன்றவும் வாய்ப்பு உண்டு. ஆனாலும், இறைந்து கிடக்கும் பொருளைப் பார்த்ததும் ‘இதையும் எடுத்து வைக்க வேண்டுமே’ என்ற எண்ணம் யாருக்கு முதலில் வருகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த வித்தியாசத்தில் வியப்பில்லை.

கண்ணில் படும் ஒவ்வொரு பொருளும் கவனத்தில் ஒரு பங்கு கேட்கிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஸ்டெஃபனி மக்மெய்ன்ஸும் சபீனா காஸ்ட்னரும் 2011-இல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வு, பார்வைப் புலத்தில் இருக்கும் பல பொருள்கள் மூளையின் காட்சிப் பகுதியில் ஒன்றோடொன்று போட்டியிடுவதைக் காட்டியது. வேண்டியதை மட்டும் பார்க்க, மற்றவற்றை மூளை அடக்கி வைக்க வேண்டியிருக்கிறது.

பொருளைக் குறைப்பதும் கவனத்தைப் பழக்குவதும் ஒரே பயிற்சியின் இரு பக்கங்கள். இதை நூற்றாண்டுகளாக வாழ்ந்து காட்டும் இடம் ஜப்பானின் ஃபுகுயி மாகாணத்து மலைகளுக்கு நடுவே இருக்கிறது. துறவி டோகன் 1244-இல் நிறுவிய எய்ஹெய்ஜி ஸென் பௌத்த மடத்தில், பயிற்சிக்கு வரும் துறவிக்குக் கிடைக்கும் இடம் ஒரு ததாமி பாய். ஏறக்குறைய ஆறடி நீளம், மூன்றடி அகலம். சுவரைப் பார்த்துத் தியானத்தில் அமர்வது அதன் மேல்தான். சாப்பாடும் தூக்கமும் அங்கேயேதான். ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் சில கிண்ணங்களைத் துணியில் முடிந்து வைத்திருப்பார்கள். சாப்பிட்டதும் உட்கார்ந்த இடத்திலேயே அவற்றைக் கழுவித் துடைத்து மறுபடி முடிந்துவிடுவார்கள். பெருக்குவதும், நீண்ட நடைக்கூடத் தரையை ஈரத்துணியால் துடைப்பதும் அன்றாடப் பயிற்சியின் பகுதி. 1237-லேயே மடத்துச் சமையல்காரருக்கென்று தனி நூல் எழுதிய டோகன், அரிசி களைவதையும் தியானத்துக்குரிய கவனத்தோடு செய்யச் சொன்னவர்.

இந்தக் கவனப் பழக்கத்தை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கர் ஜான் கபாட்-ஸின். மூலக்கூறு உயிரியல் படித்தவர், ஸென் பயின்றவர். 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் அவர் தொடங்கிய வகுப்புக்கு, தீராத வலியோடு மருத்துவம் பார்த்து அலுத்துப்போனவர்கள் வந்தார்கள். எட்டு வாரப் பயிற்சி. வாரம் ஒரு வகுப்பு, தினமும் வீட்டில் முக்கால் மணி நேரம். தொடக்கத்தில் ஒரே ஓர் உலர்திராட்சையைக் கையில் தருவார்கள். அதைப் பார்த்து, தடவி, முகர்ந்து, மெதுவாக மென்று சாப்பிட வேண்டும். பிறகு மூச்சைக் கவனிக்கும் பயிற்சி. மனம் எங்காவது ஓடும். ஓடியதைக் கண்டுகொண்டு, கடிந்துகொள்ளாமல் மூச்சுக்குத் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பி வருவதில்தான் பயிற்சியே இருக்கிறது. மனம் ஓடிவிட்டதே என்று வருந்தி எழுந்துவிடுகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பலன் எவ்வளவு? 47 ஆய்வுகளையும் 3,515 பேரையும் உள்ளடக்கிய தொகுப்பாய்வு ஒன்று 2014-இல் வெளிவந்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவை தியானத்தால் ஓரளவு குறைகின்றன என்றது அது. தூக்கம், உடல் எடை போன்றவற்றில் போதிய சான்று கிடைக்கவில்லை. உடற்பயிற்சியையோ மருந்தையோ விடத் தியானம் மேலானது என்பதற்கும் ஆதாரம் இல்லை. 2022-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், பதற்ற நோயுள்ள 276 பேரில் ஏறக்குறைய ஒரு பாதிக்கு எஸ்சிடாலோப்ராம் மாத்திரையும் மறு பாதிக்கு எட்டு வாரத் தியானப் பயிற்சியும் தந்து பார்த்தபோது, இரு தரப்பிலும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேற்றம் தெரிந்தது. இதை நம்பி யாரும் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரைக் கேட்டுத்தான் எதையும் மாற்ற வேண்டும். கடும் மன அதிர்ச்சிக்கு ஆளானவர்களுக்கும் மனநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்களுக்கும் நீண்ட தியானம் சில வேளைகளில் தொந்தரவைக் கூட்டலாம் என்பதால், அவர்களுக்கு இந்த எச்சரிக்கை இன்னும் அவசியம்.

வீட்டில் தொடங்க விரும்புகிறவர்களுக்குப் பத்து நிமிடமும் ஒரு மூலையும் போதும். அந்த மூலையைச் சுற்றி இருப்பவற்றை மட்டும் முதலில் ஒழுங்கு செய்யலாம். ஜப்பானின் மரி கொண்டோ சொல்லும் வரிசை உதவும்: முதலில் துணிமணி, பிறகு புத்தகம், காகிதங்கள், சில்லறைச் சாமான்கள், நினைவுப் பொருள்கள் கடைசியில். எளிதானவற்றில் முடிவெடுத்துப் பழகிய பிறகு, அம்மா கட்டிய சேலையைக் கையில் எடுக்கும்போது தடுமாற்றம் குறையும்.

பிறர் பொருளில் மட்டும் கை வைக்கக் கூடாது. வீட்டில் ஒருவர் காலி டப்பாவையும் பழைய செய்தித்தாளையும்கூட விட மனமில்லாமல், நடக்க வழியின்றி அடுக்குகிறார் என்றால் அதைப் பிடிவாதம் என்று திட்டுவதில் பயனில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் இதைத் தனி நோயாகவே வகைப்படுத்தியது. அவர் ஊருக்குப் போன நேரம் பார்த்து எல்லாவற்றையும் பழைய சாமான் கடைக்குப் போட்டுவிட்டால் துயரமும் அவநம்பிக்கையும்தான் மிஞ்சும்; அடுக்குவதும் மறுபடி தொடங்கும். அவரிடம் பேசி மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போனால், ஒவ்வொரு பொருளாக முடிவெடுக்கப் பழக்கும் சிகிச்சை இருக்கிறது.