இணையம் எங்கே நின்றது? வாய்க்காலோடு நடந்து பாருங்கள்!



விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வ. புதுப்பட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் இருப்பதால் பெயருக்கு முன்னால் அந்த 'வ.' ஒட்டிக்கொண்டது. மலையில் பெய்யும் மழை பிளவக்கல் அணையில் தேங்கும். அங்கிருந்து கண்மாய்களுக்கு வரும். மடையைத் திறந்தால் வாய்க்கால் வழியாக வயலுக்குப் பாயும்.

ஒருநாள் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. விவசாயி என்ன செய்வார்? நேரே அணைக்கு ஓடுவாரா? மாட்டார்! முதலில் பக்கத்து வயலை எட்டிப் பார்ப்பார். அங்கே தண்ணீர் பாய்ந்தால் கோளாறு தன் வயலில்தான். பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தன் வாமடையைப் பார்ப்பார். அடுத்து வாய்க்காலோடு மேலே நடப்பார். எங்காவது கரை உடைந்திருக்கிறதா, குப்பை அடைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே மடை வரைக்கும் போவார். தண்ணீர் நின்ற இடம் அகப்பட்டுவிடும்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் நின்றுபோனாலும் இதே வழிதான்!

எதற்கு இந்தக் கவலை?

விளையாட்டு நின்றுபோனால் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் இப்படி வைத்துக்கொள்வோம். உங்கள் அக்கா பிளஸ் டூ முடித்துவிட்டார். பொறியியல் கலந்தாய்வுக்கு எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்ற விருப்பப் பட்டியலை இன்று மாலை 5 மணிக்குள் பதிவு செய்ய வேண்டும். மணி 4. திடீரென்று திரையில் 'இணைய இணைப்பு இல்லை' என்று வருகிறது! அக்கா அழாத குறை. அம்மா சாமியைக் கும்பிடுகிறார். அப்பா எல்லா வயரையும் பிடுங்கி மாட்டுகிறார்.

2018-ஆம் ஆண்டுக்கு முன்பு இந்தக் கலந்தாய்வுக்குச் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்கே போக வேண்டும். வ. புதுப்பட்டிக்காரர்கள் ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி, விடிய விடியப் பயணம் செய்ய வேண்டும். 2018-இல் கலந்தாய்வு இணையத்துக்கு மாறியது. பயணம் மிச்சம். ஆனால் இணையம் நின்றால் எல்லாம் நின்றது போல ஆகிவிடும். அந்த நேரத்தில் பதறாமல் யோசிக்கத் தெரிந்த ஒரு தம்பியோ தங்கையோ வீட்டில் இருந்தால் எவ்வளவு நல்லது! வாருங்கள், நடந்து பார்ப்போம்.

முதல் கேள்வி: பக்கத்து வயலில் பாய்கிறதா?

எதையும் தொடுவதற்கு முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று: ஒரு தளம் மட்டும் திறக்கவில்லையா, எல்லாத் தளமுமா? ஒன்று மட்டும் என்றால் பெரும்பாலும் உங்கள் வீட்டில் குறை இருக்காது. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் நுழைவதால் அந்தத் தளமே திணறலாம். சற்றுப் பொறுத்து மறுபடி முயலுங்கள்.

இரண்டு: வீட்டிலுள்ள செல்போனில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, வை-பையில் பாருங்கள். செல்போனில் வருகிறது, கம்ப்யூட்டரில் மட்டும் வரவில்லை என்றால் கோளாறு கம்ப்யூட்டரில். இரண்டிலும் வரவில்லை என்றால் கோளாறு வை-பை பெட்டியிலோ, அதற்கு அப்பாலோ.

பாருங்கள், இரண்டே கேள்வியில் பாதி வழியைக் கடந்துவிட்டோம்!

இரண்டாவது: வாமடையைப் பாருங்கள்

கோளாறு கம்ப்யூட்டரில்தான் என்றால்:

* வயர் இணைப்பு என்றால், அதைக் கழற்றி 'டிக்' என்று சத்தம் கேட்கும்படி மாட்டுங்கள். செருகும் இடத்தில் சிறு விளக்கு இருந்தால் அது மின்ன வேண்டும்.

* வை-பை என்றால், அது அணைந்திருக்கிறதா, விமானக் குறி போட்ட பொத்தான் தவறி அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டு வை-பையின் பெயரைத் தேர்வு செய்துவிட்டு விழிப்பவர்களும் உண்டு!

* திரையின் மூலையில் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். இது பலருக்குத் தெரியாத சங்கதி. பழைய கம்ப்யூட்டரின் உள்ளே காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும். அது தீர்ந்துவிட்டால், கம்ப்யூட்டரை அணைத்துப் போடும்போது கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். பாதுகாப்பான தளங்கள் ஒவ்வொன்றுக்கும் 'இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும்' என்று ஒரு சான்றிதழ் உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் தன் தேதியோடு அதை ஒப்பிட்டுப் பார்த்து, 'இந்தச் சான்றிதழ் செல்லாது' என்று கதவைச் சாத்திவிடும். தேதியைத் திருத்தினால் கதவு திறக்கும்.

* இவை எல்லாம் சரி என்றால் கம்ப்யூட்டரை முறைப்படி அணைத்து, மறுபடி போடுங்கள்.

மூன்றாவது: பெட்டியின் விளக்குகள் பேசும்

செல்போனிலும் வரவில்லை என்றால் வை-பை பெட்டிக்கு முன்னால் நில்லுங்கள். அதில் வரிசையாகச் சிறு விளக்குகள் இருக்கும். விளக்கு எதுவுமே எரியவில்லை என்றால் மின்சாரம் வரவில்லை. சுவிட்சையும் அடாப்டரையும் பெரியவர்களை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஃபைபர் இணைப்பு உள்ள பெட்டியில் 'எல்.ஓ.எஸ்.' என்று ஒரு விளக்கு இருக்கும். 'வர வேண்டிய ஒளி வரவில்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. சாதாரணமாக அது எரியாது. சிவப்பாக மின்னினால், வெளியிலிருந்து வரும் கண்ணாடி இழை எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது கழன்றிருக்கிறது என்று பொருள். மரக்கிளை விழுந்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம், சாலையில் பள்ளம் தோண்டியிருக்கலாம். இனி நீங்கள் கம்ப்யூட்டரில் எதைத் தட்டினாலும் பயன் இல்லை. இணைப்பு தந்தவர்களுக்குப் போன் செய்து, 'எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக மின்னுகிறது' என்று சொல்லுங்கள். 'நெட் வரலைங்க' என்பதைவிட இந்த ஒரு வாக்கியம் அவர்களுக்குப் பத்து மடங்கு உதவும்.

அந்தச் சிவப்பு விளக்கு இல்லையா? பெட்டியை அணைத்து, அரை நிமிடம் பொறுத்து, மறுபடி போட்டு, இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். பெட்டியும் ஒரு சிறு கம்ப்யூட்டர்தான். அதன் நினைவில் சேர்ந்த குழப்பம் நீங்கி, புதிதாகத் தொடங்கும். அப்படியும் வரவில்லை என்றால் இந்த மாதப் பணம் கட்டியாயிற்றா என்று அப்பாவிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்!

நான்காவது: குரல் கொடுத்துப் பாருங்கள்

கிணற்றுக்குள் 'ஓ' என்று கத்தினால் எதிரொலி வருமல்லவா? கம்ப்யூட்டரும் அப்படிக் குரல் கொடுக்கும். அதற்கு 'பிங்' என்று பெயர். 1983-இல் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் இதை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் சோனார் கருவியின் ஓசையிலிருந்து இந்தப் பெயரை வைத்தார்.

கட்டளை எழுதும் கருப்புத் திரையைத் திறந்து, 'பிங்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு எண்ணையோ பெயரையோ அடிக்க வேண்டும். மூன்று முறை செய்யுங்கள்.

1. பெட்டியின் எண். அதன் அடியில் ஒட்டிய தாளில் இருக்கும். பெரும்பாலும் 192.168.1.1. பதில் வந்தால், பெட்டி வரை வழி சரி.

2. வெளியுலக எண் ஒன்று. 8.8.8.8 என்பது கூகுள் நிறுவனத்தின் எண். பதில் வந்தால், ஊருக்கு வெளியே உள்ள வழியும் சரி.

3. ஒரு தளத்தின் பெயர். எண்ணுக்குப் பதில் வருகிறது, பெயரை மட்டும் 'தெரியாது' என்கிறதா? அப்படியானால் கெட்டுப்போனது பெயரேடு!

அது என்ன பெயரேடு? இணையத்தில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் எண்தான் முகவரி. நமக்கு எண்ணை நினைவில் வைப்பது கடினம். அதனால் பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித் தரும் ஏற்பாட்டை, அதே 1983-ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் வகுத்தார். டி.என்.எஸ். என்பது அதுதான். பெட்டியை அணைத்துப் போட்டும் பெயரேடு திறக்கவில்லை என்றால், விவரம் தெரிந்த பெரியவரைக் கொண்டு வேறு பெயரேட்டின் எண்ணைக் கம்ப்யூட்டரில் பதிந்துகொள்ளலாம்.

ஐந்தாவது: அணையே உடைந்தால்?

சில சமயம் வீட்டில் எல்லாம் சரியாக இருந்தும் இணையம் தடுமாறும். 2008-ஆம் ஆண்டு ஜனவரி 30 அன்று அப்படித்தான் ஆயிற்று. எகிப்து நாட்டின் அலெக்சாண்டிரியா அருகே கடலுக்கு அடியில் கிடந்த இரண்டு கேபிள்கள் பழுதாயின. அவற்றில் ஒன்று சிங்கப்பூரிலிருந்து பிரான்ஸ் வரை சுமார் 18,800 கிலோமீட்டர் செல்வது. நம் சென்னையிலும் மும்பையிலும் கரையேறுவது. எங்கோ எகிப்தில் அறுந்ததற்கு, இந்தியாவின் வெளிநாட்டு இணைய வழியில் சுமார் பாதி அடைபட்டது! நிறுவனங்கள் கிழக்கே சிங்கப்பூர் வழியாகத் திருப்பிவிட்டுச் சமாளித்தன. வாய்க்கால் உடைந்தால் பக்கத்து வாய்க்காலில் தண்ணீரைத் திருப்புவது போலத்தான்!

இரண்டு நாள் கழித்து, துபாய் அருகே இன்னொரு கேபிளும் அறுந்தது. பழுதுபார்க்கப் போனவர்கள் அங்கே கண்டெடுத்தது என்ன தெரியுமா? யாரோ கைவிட்ட கப்பல் நங்கூரம் ஒன்று. எடை 5 டன்னுக்கு மேல்!

கண்டங்களுக்கு இடையே போகும் தகவலில் 100-க்கு 95 பங்குக்கு மேல் கடலடிக் கேபிள்களில்தான் போகிறது. உலகம் முழுவதும் ஆண்டுக்கு 150 முதல் 200 முறை அவை பழுதாகின்றன. மீன்பிடி வலைகளும் நங்கூரங்களுமே பெரும்பாலும் காரணம்.

இவ்வளவு நீளக் கேபிளில் உடைந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இதற்கும் எதிரொலிதான்! கரையிலிருந்து ஒளித் துடிப்பு ஒன்றை அனுப்புவார்கள். அறுந்த இடத்தில் பட்டு ஒரு பங்கு ஒளி திரும்பி வரும். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் திரும்பி வந்தால், ஒளி நடந்தது 200 கிலோமீட்டர். போகப் பாதி, வரப் பாதி. ஆகவே உடைப்பு 100 கிலோமீட்டர் தூரத்தில்! அதன்பின் கப்பல் போய், கேபிளைக் கொக்கியால் தூக்கி, இழைகளை ஒட்டவைக்கும். உங்களுக்கு ஒரு கணக்கு: அதில் பாதி நேரத்திலேயே ஒளி திரும்பினால் உடைப்பு எவ்வளவு தூரத்தில்?

செய்யக் கூடாதவை

* பெட்டியின் பின்னால் ஊசி நுழையும் அளவில் உள்ள 'ரீசெட்' துளையைக் குத்தாதீர்கள். அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் வேறு. ரீசெட் செய்தால் இணைப்பு தந்தவர்கள் பதிந்துவைத்த விவரங்கள் எல்லாம் அழிந்துவிடும். சிறு கோளாறு பெரிதாகிவிடும்.

* கழன்ற ஃபைபர் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணைக் கெடுக்கக்கூடும். ஃபைபர் வயரை மடக்கவும் கூடாது.

* மழை இருட்டிக்கொண்டு வந்தால், இடி தொடங்கும் முன்பே பிளக்குகளைப் பெரியவர்கள் கழற்றிவிடட்டும்.

* 'உங்கள் நெட்டைச் சரி செய்து தருகிறோம்' என்று தானாக வரும் போனை நம்பாதீர்கள். ரகசியச் சொல்லையோ, செல்போனில் வரும் ஓ.டி.பி. எண்ணையோ யாருக்கும் சொல்லக் கூடாது. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பெரியவர்கள் புகார் செய்யலாம்.

எப்போது நிறுத்த வேண்டும்?

இதுதான் முக்கியம். நம் கதையில் அக்காவுக்கு இருப்பது ஒரு மணி நேரம். கோளாறு தேடுவதிலேயே அது முழுவதும் போய்விடக் கூடாது. கடிகாரத்தைப் பார்த்து, 'பதினைந்து நிமிடம்தான்' என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் சரியாகாவிட்டால் வேறு வழிக்குப் போங்கள். செல்போனின் மொபைல் டேட்டாவைக் கம்ப்யூட்டருக்குப் பகிரலாம். அல்லது இ-சேவை மையத்துக்கோ, கலந்தாய்வு உதவி மையத்துக்கோ ஓடலாம். பட்டியல் பதிவான பிறகு நிதானமாகக் கோளாறைத் தேடலாம். அடுத்த முறை கடைசி மணி நேரம் வரை காத்திருக்கவும் வேண்டாம்!

இன்றே ஒரு வேலை செய்யுங்கள். இணையம் நன்றாக இருக்கும்போதே, பெட்டியில் எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பெட்டியின் எண், உங்கள் வாடிக்கையாளர் எண், புகார் சொல்ல வேண்டிய எண் மூன்றையும் அதில் சேர்த்து, சுவரில் ஒட்டுங்கள். நெட் நின்ற பிறகு அந்த எண்களை நெட்டில் தேட முடியாதே! ஆனால் ரகசியச் சொல்லை மட்டும் அதில் எழுதிவிடாதீர்கள்.

தண்ணீர் நின்றால் வாய்க்காலைத் திட்டுவதில் பயனில்லை. பொறுமையாக நடந்து, நின்ற இடத்தைக் கண்டுபிடிப்பவரே வயலைக் காப்பாற்றுவார். கணக்குப் பாடத்தில் விடை தப்பினாலும் அப்படித்தான். கடைசி வரியிலிருந்து ஒவ்வொரு வரியாக மேலே போய்ப் பாருங்கள். எங்கே தப்பியது என்று தெரிந்துவிடும்!