காட்டுயிர் உலா வழிகாட்டல்

காட்டுயிர் உலா வழிகாட்டல் என்பது விலங்குகளையும் பறவைகளையும் அவற்றின் இயல்பான வாழிடத்தில் காண விரும்பும் சிறு குழுக்களை நடையாகவோ ஊர்தியிலோ அழைத்துச் சென்று, பாதுகாப்பாகத் திரும்பக் கொண்டுவரும் பணி ஆகும். ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் தனித் தொழிலாக வளர்ந்த இம்முறை, தமிழ்நாட்டின் காடுகளில் பெரும்பாலும் வனத்துறையின் மேற்பார்வையில் நடைபெறுகிறது. யானை, புலி போன்ற பெருவிலங்குகள் உள்ள காடுகளுக்கு மட்டுமன்றி, திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் போன்ற ஆற்றுச் சமவெளிகளில் பறவைகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் காணச் செல்வோருக்கும் இதன் அடிப்படை விதிகள் பொருந்தும்.

பெயரும் வரலாறும்

இவ்வுலாவைக் குறிக்கும் சஃபாரி என்னும் சொல், பயணம் என்று பொருள்படும் சுவாகிலி மொழிச் சொல்லாகும். அது அரபு மொழியிலிருந்து சுவாகிலிக்கு வந்தது. ஐரோப்பியர் ஆட்சிக் காலத்தில் இச்சொல் பெரும்பாலும் வேட்டைப் பயணத்தைக் குறித்தது. பிற்காலத்தில் துப்பாக்கியின் இடத்தை ஒளிப்படக் கருவி பிடித்தது. இன்றைய சாம்பியாவின் லுவாங்வா பள்ளத்தாக்கில் நார்மன் கார் என்பவர் 1950களில் நடையுலாக்களை வளர்த்தெடுத்தார். வருவாயில் ஒரு பகுதி அங்கு வாழும் மக்களைச் சேர வேண்டும் என்பது அவரது திட்டத்தின் சிறப்பாகும். தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் 1978இல் பலநாள் நடையுலாக்கள் தொடங்கப்பட்டன. இவற்றில் ஒரு குழுவுக்கு எட்டுப் பேர் என்பது மேல்வரம்பாகும்.

சிறு குழுவின் தேவை

ஒரு விலங்கு தன்னை நெருங்குவோரைக் குறிப்பிட்ட தொலைவு வரை பொறுத்துக்கொள்கிறது. அதற்கும் அருகில் சென்றால் விலகி ஓடுகிறது. இதனை விலகல் தொலைவு எனலாம். சுவிட்சர்லாந்து விலங்கியலாளர் ஹைனி ஹெடிகர் இக்கருத்தை விரிவாக விளக்கினார். ஓட வழியில்லாதபோது அதே விலங்கு தாக்கக்கூடும். இத்தொலைவு எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. குட்டியுடன் இருக்கும் யானை, காயமுற்ற காட்டெருது ஆகியவை மற்றவற்றைவிட எளிதில் சீற்றம் கொள்ளக்கூடும்.

குழு பெரிதானால் ஓசையும் மணமும் அசைவும் கூடும். வழிகாட்டியின் மெல்லிய குரலோ கைச்சைகையோ கடைசியில் வருபவரை எட்டாது. எனவே நடையுலாவில் சிலரே ஒருவர் பின் ஒருவராகச் செல்கின்றனர்.

வழிகாட்டியின் பணிகள்

* புறப்படும் முன் விதிகளை விளக்குதல்: பேசாமை, வரிசை கலையாமை, சொல்லாமல் ஓடாமை, மணப்பொருள்களைத் தவிர்த்தல்.
* காற்றின் திசையை அறிதல். காற்று குழுவிடமிருந்து விலங்கை நோக்கி வீசினால், அது மனித மணத்தை முன்கூட்டியே உணர்ந்துவிடும்.
* தடம் அறிதல். காலடிச் சுவடு, சாணத்தின் ஈரம், முறிந்த கிளை ஆகியவற்றால் விலங்கு சென்ற நேரத்தையும் திசையையும் மதிப்பிடலாம்.
* எச்சரிக்கை ஒலிகளைக் கேட்டல். புள்ளிமானும் மந்தியும் எழுப்பும் குரல், அருகில் புலியோ சிறுத்தையோ இருப்பதை உணர்த்தக்கூடும்.
* விலங்கின் உடற்குறிகளைப் படித்தல். யானை மேய்வதை நிறுத்தி, தலையை உயர்த்திக் காதுகளை விரித்தால், குழு பின்வாங்க வேண்டும்.

இவை அனைத்தும், நெருங்குவதை எங்கே நிறுத்துவது என்ற ஒரே முடிவுக்கு உதவுபவை. குழு வந்து சென்ற பின்னும் விலங்கு முன்போலவே மேய்ந்துகொண்டிருப்பது நல்ல வழிகாட்டலின் அடையாளமாகும்.

தமிழ்நாட்டில்

முதுமலை, ஆனைமலை ஆகிய புலிகள் காப்பகங்களில் பார்வையாளர்கள் வனத்துறை ஏற்பாடு செய்யும் ஊர்திகளில் அழைத்துச் செல்லப்படுகின்றனர். ஆப்பிரிக்கப் புல்வெளியில் தொலைவிலேயே விலங்கு தென்படும். இங்கோ புதர் அடர்ந்திருப்பதால் சில அடித் தொலைவில் யானையை எதிர்கொள்ள நேரலாம். எனவே தலைமுறைகளாகக் காட்டில் வாழும் குறும்பர், இருளர், காட்டுநாயக்கர், காடர் முதலிய பழங்குடியினரின் பட்டறிவு இப்பணிக்கு இன்றியமையாதது.

காட்டின் இடர் விலங்குகளால் மட்டும் வருவதன்று. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கோடையில் காய்ந்த புல் நிறைந்த சரிவில் தீ மேல்நோக்கி மிக விரைவாகப் பரவும் என்பதும், பருவமறிந்து பாதையை மூடுவது வழிகாட்டலின் ஒரு பகுதி என்பதும் இதனால் உணரப்பட்டன. அவ்வாண்டிலேயே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை மாநில அரசு வெளியிட்டது. 2024 அக்டோபரில் 40 பாதைகளுடன் புதிய மலையேற்றத் திட்டம் தொடங்கப்பட்டது. இதில் பழங்குடி இளைஞர்களும் காட்டோரச் சிற்றூர்களைச் சேர்ந்தோரும் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாகப் பணிபுரிகின்றனர்.

திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில்

திருவரங்கம் அருகே மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் சுமார் 25 ஏக்கர் பரப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா 2015இல் திறக்கப்பட்டது. இங்கும் தடம் அறிதல் உண்டு. தடம் என்பது செடியாகும். எருக்கில் வெந்தய வரியனின் புழுவையும், எலுமிச்சை, கறிவேப்பிலை ஆகியவற்றில் எலுமிச்சை அழகியின் புழுவையும் தேடலாம். காலை வெயிலில் சிறகு விரித்துக் குளிர்காயும் பூச்சியின்மீது நிழல் விழுந்தால் அது பறந்துவிடும். இதுவும் விலகல் தொலைவே.

அண்டை மாவட்டமான அரியலூரில் உள்ள கரைவெட்டி ஏரி 1999இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டு, 2024இல் ராம்சார் ஈரநிலமானது. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகளைக் குளிர்காலத்தில் இங்கு காணலாம். நீர்ப்பறவைகளின் கூடுகளை நெருங்கினால் தாய்ப்பறவை எழுந்துவிடும். முட்டைகள் வெயிலுக்கும் காகங்களுக்கும் இரையாகும். எனவே கரையில் நின்று இருகண்நோக்கியால் காண்பதே முறையாகும்.

சிக்கல்கள்

கட்டணம் செலுத்தியவர் விலங்கைக் கண்டே தீர வேண்டும் என எதிர்பார்ப்பது வழிகாட்டிக்கு நெருக்கடி தருகிறது. ஒரே புலியைப் பல ஊர்திகள் சூழ்வதும் இதனாலேயே நிகழ்கிறது. புலிகள் காப்பகங்களின் உட்பகுதியில் சுற்றுலாவுக்கு 2012 சூலையில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அவ்வாண்டு அக்டோபரில் புதிய நெறிமுறைகளுடன் தடை நீக்கப்பட்டது. எனினும் காட்டுக்குள் விதியைக் காப்பது வழிகாட்டியின் உறுதியையும், எதையும் காணாமல் திரும்ப இசையும் பார்வையாளரின் பொறுமையையும் சார்ந்ததாகும்.