பைத்தானில் 50 பைசா எங்கே போகுது? பக் ரிப்போர்ட் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



பைத்தான்ல ரவுண்ட்(50.5) என்று அடிச்சுப் பாருங்க. 50 வரும். அடுத்து ரவுண்ட்(51.5) அடிங்க. 52 வரும். ஒரு அரை ரூபாய் கீழே இறங்குது, இன்னொரு அரை ரூபாய் மேலே ஏறுது.

ஈரோட்டில் போர்வை வியாபாரம் பண்ற ஒரு கிளையண்ட் இதைக் கண்டுபிடிச்சுட்டு எனக்கு போன் போட்டார். வெளி மாநிலத்துக்கு அனுப்புற பில்களுக்கு அவரோட பையன் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்திருக்கான். 1,010 ரூபாய் சரக்குக்கு 5% ஐ.ஜி.எஸ்.டி 50.50. ஸ்கிரிப்ட் 50 போடுது, எக்செல் 51 போடுது. 1,030 ரூபாய் சரக்குக்கு 51.50. இங்கே ரெண்டும் 52. "சார், பைத்தான்லயே பக் இருக்கு. ஓப்பன் சோர்ஸ்தானே, ரிப்போர்ட் பண்ணினா சரி பண்ணிடுவாங்கன்னு பையன் சொல்றான். பண்ணிடலாமா?" என்று கேட்டார்.

பண்ண வேண்டாம் என்று சொன்னேன். காரணத்தை போன்ல சொல்லி முடிக்க முடியலை, அதனாலதான் இந்தப் பதிவு. இப்போ நிறைய சின்ன கடைகள், ஆடிட் ஆபீஸ்கள் பைத்தான் ஸ்கிரிப்ட்டை நம்பி பில்லு, ஜி.எஸ்.டி கணக்கு எல்லாம் ஓட்டுறாங்க. அந்த ஸ்கிரிப்ட்டை ஏ.ஐ எழுதிக் கொடுத்திருந்தா, உள்ளே என்ன இருக்கு என்று பார்த்தவங்களே இருக்க மாட்டாங்க.

முதல்ல சட்டம் என்ன சொல்லுது? சி.ஜி.எஸ்.டி சட்டத்தின் 170-வது பிரிவு தெளிவா இருக்கு: வரி, வட்டி, அபராதம் போன்ற தொகையை அருகிலுள்ள ரூபாய்க்கு மாத்தணும், 50 பைசாவோ அதுக்கு மேலேயோ இருந்தா ஒரு ரூபாயா ஏத்தணும், அதுக்குக் கீழே இருந்தா விட்டுடணும். ஐ.ஜி.எஸ்.டி-க்கும் இதே கதைதான். (பில் வாரியா ரவுண்ட் ஆஃப் பண்றதா, மாச மொத்தத்துல பண்றதா என்பது தனி விவாதம். அதை இன்னொரு நாள் வெச்சுக்கலாம்.) ஆக, 50.50 என்றால் 51. சட்டத்துல வேற பதிலே கிடையாது.

பைத்தான் ஏன் 50 போடுது? சரியா நடுவுல நிக்கிற எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோறது அதோட விதி. இதுக்கு பேங்கர்ஸ் ரவுண்டிங் என்று பேர். 0.5, 1.5, 2.5, 3.5 நாலையும் கூட்டினா 8. எல்லா அரையையும் மேலே ஏத்தினா 1+2+3+4 = 10. இரட்டைப்படைக்கு அனுப்பினா 0+2+2+4 = 8. லட்சக்கணக்கான எண்களைக் கூட்டும்போது ஒரு பக்கமா சாயாம இருக்கணும் என்பதுதான் நோக்கம். அறிவியல் கணக்குக்கு இது நியாயம். ஆனா 170-வது பிரிவுக்கு அந்த நியாயம் தெரியாது.

இந்த விதி பைத்தானுக்கு ஆரம்பத்துல இருந்தே வந்ததில்லை. பைத்தான் 2-ல ரவுண்ட்(2.5) போட்டா 3 வரும். 2008 டிசம்பர்ல பைத்தான் 3.0 வந்தப்போ மாத்தினாங்க; எண்கள் பற்றிய பெப் 3141 என்ற ஆவணத்துல எழுதி வெச்சே மாத்தினாங்க. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஓட முடிஞ்சது. பழைய ஸ்கிரிப்ட்டை அப்படியே புது வெர்ஷனுக்கு மாத்தினவங்களுக்கு எந்த எர்ரரும் வராது, எச்சரிக்கையும் வராது. விடை மட்டும் மாறியிருக்கும்.

நம்ம தொழில்ல இதுக்கு ஒரு பழக்கமான பாகுபாடு இருக்கு. கணக்கியல் தரநிலை 5 படிச்சவங்களுக்குத் தெரியும்: முந்தைய வருஷக் கணக்குல இருந்த பிழை வேற, கணக்கு முறையையே மாத்துறது வேற. பைத்தானை உருவாக்குறவங்களும் இதே கேள்வியைத்தான் முதல்ல கேக்குறாங்க. மொழி எழுதி வெச்சபடி நடக்கலையா? அப்போ அது பக். எழுதி வெச்சபடிதான் நடக்குது, உங்களுக்குப் பிடிக்கலையா? அது மாற்றக் கோரிக்கை. ரெண்டுக்கும் வழியும் வேற, காலமும் வேற. ரவுண்ட் பற்றி புகார் கொடுத்தா ஆவணத்தைக் காட்டி மூடிடுவாங்க. அது அலட்சியம் இல்லை. உலகம் முழுக்க அந்த விதியை நம்பி ஓடுற கணக்குகளை நம்ம 170-வது பிரிவுக்காக மாத்த முடியாது.

இன்னொரு எண்ணைப் பாருங்க. ரவுண்ட்(2.675, 2) போட்டா 2.68 வரணும் என்று நினைப்போம்; 2.67 வருது. இங்கே இரட்டைப்படை விதி வேலை செய்யலை (செஞ்சிருந்தா 2.68 வந்திருக்கும்). 2.675 என்ற எண்ணை கம்ப்யூட்டரால பைனரியில் சரியா வெச்சுக்க முடியாது. உள்ளே இருக்கிறது 2.67499999999999982 சொச்சம். அது பாதிக்குக் கீழே, அதனால 2.67. இதுல சுவாரசியமான விஷயம், பழைய பைத்தான் 2.6 இதுக்கு 2.68 கொடுத்தது! அது 100-ஆல் பெருக்கி, ரவுண்ட் பண்ணி, திரும்ப வகுத்துச்சு. பெருக்கும்போது அந்தச் சின்ன குறை காணாமப் போய் 267.5 ஆகிடும். 2.7-லயும் 3.1-லயும் இந்தக் கணக்கைத் துல்லியமாக்கினாங்க. பக் சரியானது, நாம எதிர்பார்த்த விடை போயிடுச்சு. பைத்தான் ஆவணத்துலயே இந்த 2.675-ஐ உதாரணமா போட்டு, இது பக் இல்லை என்று எழுதி வெச்சிருக்காங்க.

அப்போ நிஜமாவே பக் கிடைச்சா என்ன பண்றது? பைத்தானோட பிழைப் பட்டியல் பல வருஷம் தனித் தளத்துல இருந்தது. 2022 ஏப்ரல்ல கிட்ஹப்புக்கு மாறிடுச்சு. யார் வேணும்னாலும் கணக்கு தொடங்கி எழுதலாம், காசு கிடையாது. முதல்ல அதே பிரச்சினையை வேற யாராவது சொல்லியிருக்காங்களா என்று தேடணும். அப்புறம் உங்க 800 வரி பில்லிங் ஸ்கிரிப்ட்டை அப்படியே ஒட்டக்கூடாது. பிரச்சினையைக் காட்டுற மூணு நாலு வரியா சுருக்கணும். எந்த வெர்ஷன், எந்த ஆபரேட்டிங் சிஸ்டம், என்ன வரும் என்று எதிர்பார்த்தீங்க, என்ன வந்தது, ஆவணத்துல எந்த வரி இதுக்கு முரணா இருக்கு, இவ்வளவும் வேணும். "சம்திங் ராங்" என்று ஆடிட் குவெரி எழுதினா கிளையண்ட் எப்படி பதில் சொல்வார்? வவுச்சர் நம்பரும் தேதியும் போட்டாதானே பதில் வரும். இங்கேயும் அப்படித்தான். சுருக்குற வேலையிலேயே பாதிப் பேருக்கு தப்பு தன்னோட ஸ்கிரிப்ட்டுலதான் என்று தெரிஞ்சிடும்.

சரி பண்றதும் ஒரு ஒழுங்குல நடக்குது. முதல்ல அந்தப் பிழையைக் காட்டிக்கொடுக்கிற ஒரு டெஸ்ட் எழுதணும். திருத்தத்துக்கு முன்னாடி அது ஃபெயில் ஆகணும், பின்னாடி பாஸ் ஆகணும். அந்த டெஸ்ட் நிரந்தரமா தங்கிடும், அதே பக் அஞ்சு வருஷம் கழிச்சு திரும்ப வந்தா பிடிச்சிடும். நம்ம ஆபீஸ்கள்ல ஒரு தப்பைத் திருத்திட்டு அதுக்கு ஒரு நிரந்தர செக் போட்டு வைக்கிற பழக்கம் எத்தனை பேருக்கு இருக்கு, சொல்லுங்க? அப்புறம், வெளியாள் எழுதின திருத்தத்தை ஒரு மூத்த டெவலப்பர் படிச்சுப் பார்த்து ஒத்துக்கிட்டாதான் உள்ளே போகும். பிழைத் திருத்தம் என்றால் இப்போ புழக்கத்துல இருக்கிற வெர்ஷன்களுக்கும் கொண்டுபோவாங்க. நடத்தையே மாறுது என்றால் அடுத்த பெரிய வெர்ஷனுக்குத்தான்.

இதுக்கு ஒரு நல்ல உதாரணம் சம் ஃபங்ஷன். 0.1-ஐ பத்து தடவை சம் போட்டுக் கூட்டினா முன்னாடி 0.9999999999999999 வரும். 2023-ல வந்த 3.12-ல கூட்டுற முறையை மேம்படுத்தினாங்க, இப்போ 1.0 வருது. 3.11 வெச்சிருக்கிறவங்களுக்கு இன்னமும் பழைய விடைதான். உங்க ஆபீஸ்ல ரெண்டு கம்ப்யூட்டர்ல ரெண்டு வெர்ஷன் இருந்தா, ஒரே ஸ்கிரிப்ட் ரெண்டு டோட்டல் காட்ட வாய்ப்பிருக்கு. நேரம் கிடைக்கும்போது வெர்ஷனைப் பார்த்து வைங்க.

ஆவணத்துல எழுதியிருக்கு என்பதால எல்லாமே நியாயம் ஆயிடாது. டார் ஃபைல்களைப் பிரிக்கிற பகுதியில ஒரு ஆபத்து 2007-லயே பதிவானது: தெரியாத இடத்துல இருந்து வந்த ஃபைலைப் பிரிச்சா, அது தன் ஃபோல்டரைத் தாண்டி வெளியே எழுதிடும். ஆவணத்துல எச்சரிக்கை மட்டும் போட்டு வெச்சிருந்தாங்க. 2022-ல பாதுகாப்பு ஆய்வாளர்கள் திரும்பக் கிளப்பினாங்க. 3.12-ல பாதுகாப்பு வடிகட்டி வந்தது, 2025 அக்டோபர்ல வந்த 3.14-ல அதுவே இயல்பா ஆகிடுச்சு. கிட்டத்தட்ட 18 வருஷம்! என்னைக் கேட்டா, இதை 2007-லயே பக் என்று எடுத்திருக்கணும். ஒரு விஷயம் கவனிங்க: இந்த மாதிரி பாதுகாப்பு ஓட்டையைக் கண்டுபிடிச்சா பொதுப் பட்டியல்ல எழுதக்கூடாது. அதுக்கென்று தனி ரகசியக் குழு இருக்கு, மெயில்ல அவங்களுக்கு மட்டும் சொல்லணும்.

இதெல்லாம் பண்றவங்களுக்கு யார் சம்பளம் கொடுக்கிறாங்க? பெரும்பாலும் தன்னார்வலர்கள். குவியுற பிழைகளைப் பார்க்க முழுநேர ஆள் வேணும் என்று 2021-ல பைத்தான் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் ஊகாஷ் லாங்கா என்பவரை நியமிச்சது. அதுக்கு கூகுள் பணம் கொடுத்தது. நீங்களும் ஃபவுண்டேஷனுக்கு நன்கொடை கொடுக்கலாம். ஆனா அது அமெரிக்க அமைப்பு, 80ஜி கழிவு கிடைக்காது. கேட்கப் போறீங்க என்று தெரியும், முன்னாடியே சொல்லிட்டேன்.

இப்போ ஈரோட்டுக்காரர் பிரச்சினைக்கு வருவோம். திருத்த வேண்டியது அவரோட ஸ்கிரிப்ட்டை. பணக் கணக்குக்கு பைத்தான்ல டெசிமல் என்ற தனி வசதி 2004-ல வந்த 2.4 வெர்ஷன்ல இருந்தே இருக்கு. தொகையை மேற்கோள் குறிக்குள்ள எழுத்தா கொடுக்கணும்: டெசிமல்('2.675'). குறி இல்லாம கொடுத்தா அந்த 2.67499 சொச்சமும் சேர்ந்து உள்ளே போயிடும். அடுத்தது முக்கியம்: டெசிமலோட இயல்பு விதியும் இரட்டைப்படைதான்! டெசிமலுக்கு மாறினாலே போதும் என்று நினைச்சு இங்கேதான் நிறைய பேர் நின்னுடுறாங்க. குவான்டைஸ் என்ற கட்டளையில ரவுண்ட்_ஹாஃப்_அப் என்று நாம சொன்னாதான் 50.50 என்பது 51 ஆகும்.

நெட்ல ஒரு குறுக்கு வழி சுத்துது: 0.5 கூட்டி இன்ட் போடுறது. பில்லுக்கு சரியா வரும், 50.50 என்பது 51. ஆனா அதே சரக்கு திரும்பி வந்து கிரெடிட் நோட் போடும்போது -50.50 + 0.5 = -50. அதாவது பில்லுல 51 ரூபாய் வரி, கிரெடிட் நோட்டுல 50. ஒரு ரூபாய் பார்ட்டி லெட்ஜர்ல தொங்கும். அந்த ஒரு ரூபாயைத் தேடி மார்ச் மாசம் அரை நாள் போகும். ரவுண்ட்_ஹாஃப்_அப் மைனஸுக்கும் -51 என்றுதான் கொடுக்கும்.

வருமான வரி ஸ்கிரிப்ட் வெச்சிருக்கிறவங்களுக்கும் இதே சிக்கல் இருக்கு. 1961 சட்டத்தின் 288பி படி வரியை 10-ன் மடங்குக்கு மாத்தணும். கடைசி இலக்கம் 5 என்றால் மேலே. 12,345 என்பது 12,350. பைத்தான்ல ரவுண்ட்(12345, -1) போட்டா 12340. எக்செல் ரவுண்ட் சரியா 12350 கொடுக்கும். ஆனா எக்செல் மேக்ரோவுக்குள்ள விபிஏ ரவுண்ட் பயன்படுத்தினா 50.5-க்கு 50 வரும், பைத்தான் மாதிரியே. ஷீட்டுல ஒரு விதி, மேக்ரோவுல ஒரு விதி!

உங்க ஸ்கிரிப்ட்டுக்கு வரித்தொகையா இந்த ஆறையும் கொடுத்துப் பாருங்க: 0.50, 1.50, 2.50, 50.50, 51.50, -50.50. வர வேண்டியது 1, 2, 3, 51, 52, -51. ஏதாவது மாறினா, எழுதிக் கொடுத்தவர்கிட்ட இந்தப் பதிவைக் காட்டுங்க. அந்த ஆறையும் நிரந்தர டெஸ்ட்டா போட்டு வைக்கச் சொல்லுங்க. ஏற்கனவே போன பில்களைத் தொட வேண்டாம். வித்தியாசத்தை மாச மொத்தமா எடுத்துட்டு உங்க ஆடிட்டர்கிட்ட பேசுங்க. ஈரோட்டுப் பையனோட ஸ்கிரிப்ட்டைத் திருத்தினது வெறும் ரெண்டு வரி. அதை அவங்க அனுமதியோட அடுத்த வீடியோவுல ஸ்க்ரீன்ல காட்டுறேன்.