அரிசிச் சோறும் நீரிழிவும்

பெரியநாயக்கன்பாளையத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் சோளச்சோறும் கம்பஞ்சோறும் அன்றாட உணவாகவும், நெல்லுச்சோறு விருந்துநாள் உணவாகவும் இருந்த காலத்தை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். மானாவாரி நிலத்தில் விளைந்ததே அடுப்பில் வெந்தது. ஏர் பிடித்தும் கவலை ஏற்றம் ஓட்டியும் உழைத்த உடல், உண்டதை அன்றே செலவழித்தது. பின்னர் ஆலைகளும் தொழிற்கூடங்களும் பெருகின. 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றியும் கிடைக்கலாயிற்று. பசி தீர்ந்தது பெரும் பேறே. ஆயினும் உழைப்பு குறைந்த உடலுக்கு மூன்று வேளையும் தீட்டிய அரிசி என்பது மிகையாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 11.4 பேர் நீரிழிவு உடையோராவர்.

இனிச் சோற்றையே தொடலாகாதோ என அஞ்ச வேண்டா. தவிடு நீங்கிய அரிசியின் மாவுச்சத்து விரைவில் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் ஏறுகிறது. பருப்பும் காயும் கீரையும் உடன் சென்றால் அவ்வேகம் தணிகிறது. இதற்குப் புதிய பண்டம் தேட வேண்டியதில்லை. நம் கொங்கு நாட்டு அரிசியும் பருப்பும் சாதமே போதும். அளவை மட்டும் மாற்றுதல் வேண்டும். ஓர் ஆழாக்கு அரிசிக்குக் கால் ஆழாக்குத் துவரம்பருப்பு இடும் வீட்டில், பருப்பை அரை ஆழாக்காக்கி, அரிசியைக் குறைத்து, அவரைக்காயோ சுரைக்காயோ தாராளமாகச் சேர்க்கலாம். நெய்யில் மட்டும் தாராளம் வேண்டா! இலையில் பாதி காயும் கீரையும், கால் பங்கு கொள்ளுப்பருப்போ தட்டைப்பயறோ, எஞ்சிய காலே சோறு. காயை முதலில் உண்டு சோற்றைப் பின்னர் உண்பது இன்னும் நன்று. உண்டபின் கட்டிலை நாடாமல் சிறிது நேரம் நடத்தல் வேண்டும்.

கம்பும் ராகியும் நீரிழிவை நீக்கும் மருந்து என்று சிலர் கருதுகின்றனர். அது சரியன்று. அவற்றிலும் மாவுச்சத்து உண்டு. நைய அரைத்துக் காய்ச்சிய ராகிக் கூழ் சர்க்கரையை விரைவாகவே ஏற்றும். முழுத் தானியமாகச் சமைத்து அளவோடு உண்பதே பயன் தரும். மாத்திரையோ இன்சுலினோ கொள்வோர் உணவை விடுவதும், மருத்துவரைக் கேளாமல் திடீரெனக் குறைப்பதும் ஆபத்து. சர்க்கரை அளவுக்குக் கீழே இறங்கி மயக்கம் நேரலாம்.

உழவர் ஒரு செய்தியைச் சிறப்பாகக் கருத வேண்டும். நெடுநாள் கவனியாத நீரிழிவால் பாதம் உணர்விழக்கும். வெறுங்காலுடன் வயலில் நடப்பவர் முள் தைத்ததை அறியார். புண் புரையோடிக் காலையே எடுக்க நேர்வதுண்டு. வெறும் வயிற்றுச் சோதனையில் 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் காணின், மறுமுறை சோதித்து உறுதி செய்து கொள்ளல் வேண்டும்.

இச்சோதனையைக் கிராம சபை கூடும் நாளன்று காலையில் ஊரிலேயே நடத்தித் தருமாறு ஆரம்ப சுகாதார நிலையத்தாரைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கேட்கலாம். உண்ணாமல் வருமாறு முன்னாளே ஒலிபெருக்கியில் அறிவித்துவிட வேண்டும். சோதனை முடிந்தவர்க்கு மேற்கூறிய அளவிலேயே அரிசியும் பருப்பும் சமைத்துப் பரிமாறினால், சுவை எப்படி என்பதை அவர்களே சொல்லிவிடுவர்.