அமெரிக்கப் பழமைவாதமும் இணையச் சுதந்திரமும்

இணையத்தில் யார் எதைப் பேசலாம், அதனை யார் நீக்கலாம், அரசு எந்த அளவுக்குத் தலையிடலாம் என்பன குறித்து ஐக்கிய அமெரிக்காவின் பழமைவாதிகள் கொண்டுள்ள கருத்துகள் ஒரே தன்மையானவை அல்ல. அமெரிக்கப் பழமைவாதம் என்பது பெரிதும் இரு போக்குகளின் கூட்டணி ஆகும். வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்பது ஒன்று. சமூக ஒழுக்கத்தைக் காக்க அரசு முன்வர வேண்டும் என்பது மற்றொன்று. இணையம் இவ்விரண்டையும் மோத வைத்தது. இம்மோதல் தெளிவாகத் தெரியும் இடம் 1996 ஆம் ஆண்டுத் தகவல்தொடர்பு ஒழுக்கச் சட்டத்தின் 230 ஆம் பிரிவாகும்.

பிரிவு 230

1995 இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, பயனர் எழுதிய அவதூறுக்குப் புரொடிஜி நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும் என்றது. அந்நிறுவனம் பயனர் இடுகைகளைக் கண்காணித்து நீக்கி வந்ததே இதற்குக் காரணம். எதையும் கண்காணிக்காத கம்பியூசெர்வ் நிறுவனமோ 1991 இல் இத்தகைய வழக்கிலிருந்து தப்பியிருந்தது. அதாவது, குப்பையை அகற்ற முயல்பவருக்கே தண்டனை கிடைத்தது. இதனை மாற்றக் குடியரசுக் கட்சியின் கிறிஸ்டோபர் காக்சும் மக்களாட்சிக் கட்சியின் ரான் வைடனும் இப்பிரிவை வரைந்தனர். இதன்படி, பயனர் எழுதியதற்கு இணையதளம் வெளியீட்டாளராகக் கருதப்படாது; தகாதவற்றை நல்லெண்ணத்துடன் நீக்கினாலும் அதற்குப் பொறுப்பு ஏற்படாது.

அதே சட்டத்தில், சிறுவருக்கு ஆபாசமானவற்றைக் காட்டுவதைக் குற்றமாக்கும் பகுதியும் இருந்தது. அதனைக் கொண்டுவந்தவர் மக்களாட்சிக் கட்சியின் ஜேம்ஸ் எக்சன். எதிர்த்தோருள் ஒருவர் குடியரசுக் கட்சியின் அவைத்தலைவர் நியூட் கிங்ரிச். அப்பகுதியின் முக்கிய விதிகளை உச்ச நீதிமன்றம் 1997 இல் நீக்கியது. பிரிவு 230 நிலைத்தது.

நிலைப்பாட்டு மாற்றம்

2010களின் பிற்பகுதியில், பெரிய சமூக ஊடகங்கள் தம் கருத்துகளை ஒடுக்குகின்றன எனப் பழமைவாதிகள் பலர் குறைகூறினர். டொனால்ட் டிரம்ப் 2020 மே மாதத்தில் பிரிவு 230 இன் பாதுகாப்பைக் குறுக்க முனையும் ஆணை பிறப்பித்தார். ஜோ பைடன் 2021 இல் அதனை நீக்கினார். 2021 இல் புளோரிடா, டெக்சாஸ் மாநிலங்கள் ஊடகங்களின் நீக்கும் உரிமையைக் கட்டுப்படுத்திச் சட்டமியற்றின. தொலைபேசி நிறுவனம் எவர் பேச்சையும் மறுக்க முடியாதது போலவே இவையும் நடத்தப்பட வேண்டும் என்பது இவற்றின் வாதம்.

இதில் ஒரு முரண் உண்டு. 2015 இல் இணைய இணைப்பு தரும் நிறுவனங்களைத் தொலைபேசி நிறுவனங்களுடன் ஒரே வகையில் சேர்த்தபோது, அதனை அரசின் அத்துமீறல் எனக் கண்டித்தவர்களும் பழமைவாதிகளே. குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை கொண்ட தகவல்தொடர்பு ஆணையம் 2017 இல் அவ்விதியை நீக்கியது.

நீதிமன்றங்களிலும் இப்பிளவு தெரிந்தது. 2022 இல் புளோரிடாச் சட்டத்தின் பெரும்பகுதியைத் தடுத்த மேல்முறையீட்டுத் தீர்ப்பையும், டெக்சாஸ் சட்டத்தை ஏற்ற தீர்ப்பையும் எழுதியவர்கள் டிரம்ப் நியமித்த நீதிபதிகளே. 2024 இல் உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளையும் விலக்கி, மறு ஆய்வுக்கு அனுப்பியது. பதிவுகளைத் தேர்ந்து தொகுப்பதும் பேச்சுரிமைக்குள் அடங்கும் என்ற கருத்தைப் பழமைவாத நீதிபதிகளான ராபர்ட்ஸ், கவனா, பாரெட் ஆகியோர் ஏற்றனர். தாமஸ், அலிட்டோ, கோர்சச் ஆகியோர் ஏற்கவில்லை.

ஆபாசத் தளங்களில் வயதைச் சரிபார்க்கக் கோரும் டெக்சாஸ் சட்டத்தில் இப்பிளவு எழவில்லை. 2025 சூன் மாதத்தில் பழமைவாத நீதிபதிகள் அறுவரும் அதனை ஆதரித்தனர்; தீர்ப்பை எழுதியவர் தாமஸ்.