கம்பைலரின் பல்லைப் பார்ப்போம்

மாட்டுச் சந்தையில் தரகர் சொல்லும் வயதை என் தந்தை நம்புவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்ப்பார். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காத அவரிடம் இருந்த எச்சரிக்கை, பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு பயிலும் எனக்கு இல்லாமற் போயிற்று.

'சி' மொழியில் எழுதிய நிரலை எந்திர மொழிக்கு மாற்றித் தருவது கம்பைலர். 1987-இல் வெளிவந்த ஜி.சி.சி., 2007-இல் வெளியான கிளாங், விண்டோசுக்குரிய எம்.எஸ்.வி.சி. ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. ஒவ்வொன்றும் ஏற்கும் கட்டளைகள் வேறு வேறு. எனவே, ஒரே நிரலைப் பலவகைக் கணிப்பொறிகளில் உருவாக்க உதவும் பில்ட் ஸ்கிரிப்ட், அங்குள்ள கம்பைலர் எது என்பதை முதலில் அறிந்தாக வேண்டும்.

நான் எழுதிய ஸ்கிரிப்ட் பெயரை மட்டுமே பார்த்தது. ஆய்வகத்து லினக்சில் நன்றாக ஓடிய நிரல், செயல்விளக்கத்தன்று நண்பனின் மேக் கணினியில் உருவாகவே இல்லை. வேலையைக் கூறுகளாகப் பிரித்து ஒரே நேரத்தில் நடத்தும் 'ஓபன்எம்பி' கட்டளையை ஏற்காமல் நின்றுவிட்டது. காரணம், மேக்கில் 'ஜி.சி.சி.' என்று அழைத்தால் வழக்கமாக வந்து நிற்பது கிளாங்!

கம்பைலரையே கேட்பதுதான் சரியான வழி. ஒவ்வொன்றும் தன்னை அடையாளம் காட்டும் மேக்ரோக்களை வைத்திருக்கிறது. இங்கும் ஒரு சூட்சுமம் உண்டு. ஜி.சி.சி.யின் மேக்ரோவைக் கிளாங்கும் பெரும்பாலும் காட்டும். ஆகவே, கிளாங்கின் மேக்ரோவை முதலில் சோதித்து, அது இல்லாதபோதே ஜி.சி.சி.யைச் சோதிக்க வேண்டும். 'சி-மேக்' என்னும் கருவி இச்சோதனையைத் தானே செய்து, விடையை ஒரு மாறியில் தந்துவிடும்.

நண்பர்களே! பெயர் என்பது தரகரின் பேச்சு, மேக்ரோதான் பல். அன்று நான் இழந்த மதிப்பெண்கள் திரும்பப்போவதில்லை. தந்தையின் பாடமோ என்றும் மறக்கப்போவதில்லை.