ஒரு டாலர் கூடியிருந்தால் கதையே வேற! இரண்டு வீரர்களை எட்மன்டன் இழந்தது எப்படி? என்எச்எல் ஒப்பந்த விதிகள் ஒரு பார்வை

2024 ஜூன் 24. ஐஸ் ஹாக்கியின் மிகப்பெரிய பரிசான ஸ்டான்லி கோப்பைக்கான இறுதித் தொடர், ஏழாவது ஆட்டம். கனடாவின் எட்மன்டன் ஆயிலர்ஸ் அணி, ஃப்ளோரிடா பாந்தர்ஸிடம் 2-1 என தோற்றது. அந்த வலி ஆறுவதற்குள் அடுத்த அடி விழுந்தது. ஆகஸ்ட் 13-ம் தேதி அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் அணி, ஆயிலர்ஸின் இரண்டு இளம் வீரர்களிடம் நேரடியாக ஒப்பந்தத்தை நீட்டியது. ஒருவர் தடுப்பாட்ட வீரர் ஃபிலிப் ப்ரோபெர்க். இன்னொருவர் முன்கள வீரர் டிலன் ஹாலோவே. ஏழே நாளில் இரண்டு பேருமே கைநழுவிப் போனார்கள்.

ப்ரோபெர்க்குக்குச் சொல்லப்பட்ட தொகை ஆண்டுக்கு 45,80,917 டாலர். ஹாலோவேக்கு 22,90,457 டாலர். இரண்டுமே இரண்டு ஆண்டு ஒப்பந்தம். இதென்ன, ரவுண்டா இல்லாம இப்படி ஒரு நம்பர்னு தோணுதா? அந்தக் கடைசி இலக்கத்துலதான் விஷயமே இருக்கு.

ஆஃபர் ஷீட் என்றால் என்ன?

என்எச்எல் லீக்கில் 18 முதல் 21 வயதுக்குள் முதல் கையெழுத்து போடும் வீரருக்கு மூன்று ஆண்டு தொடக்க ஒப்பந்தம்தான் கிடைக்கும். அதில் சம்பளத்துக்கும் வரம்பு உண்டு. அது முடிந்தாலும் அவர் முழு சுதந்திரப் பறவை இல்லை. வேறு அணி அவருக்கு ஒப்பந்தம் தரலாம், அதற்குப் பெயர்தான் ஆஃபர் ஷீட். ஆனால் அதே தொகையைக் கொடுத்து அவரைத் தக்கவைக்க பழைய அணிக்கு ஏழு நாள் அவகாசம் இருக்கிறது. கிட்டத்தட்ட ஐபிஎல் ஏலத்துல வர்ற ஆர்டிஎம் கார்டு மாதிரி. அப்படித் தக்கவைத்தால், ஓராண்டுக்கு அந்த வீரரை வேறு அணிக்கு மாற்ற முடியாது.

விட்டுக்கொடுத்தால் இழப்பீடு உண்டு. பணமாக இல்லை, புதிய வீரர்களைத் தேர்வு செய்யும் டிராஃப்ட் வாய்ப்பாக. சம்பளம் எந்தப் படியில் வருகிறதோ அதற்கேற்ப இழப்பீடு. 2024-ல் 22,90,457 டாலர் வரை என்றால் ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பு. அதைத் தாண்டி 45,80,917 வரை இரண்டாம் சுற்று வாய்ப்பு. அதற்கும் மேல் ஒரு டாலர் போனாலும் முதல் சுற்றையும் மூன்றாம் சுற்றையும் சேர்த்துக் கொடுக்கணும்.

இப்போ அந்த இரண்டு தொகையையும் மறுபடி பாருங்க. இரண்டுமே படியின் விளிம்பில் சரியாக நிற்கின்றன. இழப்பீடாகத் தரும் வாய்ப்பு அணியின் சொந்த வாய்ப்பாகவே இருக்க வேண்டும் என்பதும் விதி. ப்ளூஸ் தன் 2025 இரண்டாம் சுற்று வாய்ப்பை ஏற்கெனவே பிட்ஸ்பர்க் அணிக்குக் கொடுத்திருந்தது. வேறு வாய்ப்புகளைக் கொடுத்து முதலில் அதைத் திரும்ப வாங்கி, பிறகுதான் வலையை வீசியது. பக்கா ப்ளான்!

ஆயிலர்ஸ் ஏன் மேட்ச் பண்ணல?

2024-25 சீசனில் ஓர் அணியின் மொத்த சம்பள உச்சவரம்பு 8.8 கோடி டாலர். ஆயிலர்ஸில் கானர் மெக்டேவிட் 1.25 கோடி, டார்னெல் நர்ஸ் 92.5 லட்சம், லியோன் டிரைசைட்டில் 85 லட்சம். மூன்று பேருக்கே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. அதிகபட்சம் 23 பேர் இருக்கலாம் என்ற பட்டியலில், மிச்சமுள்ள 20 பேருக்கும் மிச்சப் பணம்தான். ஒருவருக்குக் குறைந்தபட்சமே 7.75 லட்சம் டாலர் தர வேண்டும். புதிய இரண்டு ஒப்பந்தங்களும் சேர்ந்தால் 68.7 லட்சம்.

யாரையாவது ஏஎச்எல் எனும் இரண்டாம் நிலை லீக்குக்கு அனுப்பிவிடலாமே? அங்கேயும் செக் இருக்கு. அனுபவ வீரரை அனுப்பும் முன் 24 மணி நேரம் 'வேவர்ஸ்' பட்டியலில் வைக்க வேண்டும். மற்ற 31 அணிகளில் எது வேண்டுமானாலும் அவரை எடுத்துக்கொள்ளலாம். யாரும் எடுக்காவிட்டாலும், கணக்கிலிருந்து 11.5 லட்சம் வரைதான் கழியும். மீதி அணியின் தலையில்தான்.

ஜோடிக் கணக்கு

இந்த விவகாரத்தில் பலர் கவனிக்காத பகுதி இதுதான். ஓர் ஆட்டத்தில் சீருடை அணிவது 20 பேர். இரண்டு கோல்கீப்பர்கள், வழக்கமாக 12 முன்கள வீரர்கள், 6 தடுப்பாட்ட வீரர்கள். அந்த ஆறு பேரும் இடது, வலது என மூன்று ஜோடிகளாக மாறி மாறி இறங்குவார்கள். மட்டையை இடப்பக்கம் பிடிப்பவர் இடதுபுறம் நின்றால், பலகை ஓரமாக வரும் பந்தை (அதாவது தட்டையான ரப்பர் பக்கை) எளிதாக நிறுத்தி வெளியே தள்ள முடியும். முதல் ஜோடிக்கு 60 நிமிடத்தில் 22 முதல் 25 நிமிடம் வரை கிடைக்கும். மூன்றாம் ஜோடிக்கு 15 நிமிடம் கிடைத்தாலே அதிகம்.

ப்ரோபெர்க் இடது கை. ஆயிலர்ஸின் இடது பக்கத்தில் மத்தியாஸ் எக்ஹோம், நர்ஸ், ப்ரெட் குலக் ஏற்கெனவே இருந்தார்கள். மூன்றாம் ஜோடிக்குப் போட்டியிடும் ஒருவருக்கு 45.8 லட்சமா என்பது எட்மன்டனின் கேள்வி. ப்ளூஸுக்கோ அவர் முதல் இரண்டு ஜோடிகளில் ஆடவேண்டிய ஆள். ஆள் ஒருவர்தான், நிற்கும் இடத்தைப் பொறுத்து விலை மாறுது.

இத்தனைக்கும் அதே வாரத்தில் தடுப்பாட்ட வீரர் கோடி செசியை சான் ஹோசேவுக்கு அனுப்பி 32.5 லட்சத்தை மிச்சப்படுத்தியது ஆயிலர்ஸ். அப்படியும் ஆகஸ்ட் 20-ம் தேதி 'மேட்ச் இல்லை' என்றது. இரண்டு வாரம் கழித்து டிரைசைட்டிலுக்கு ஆண்டுக்கு 1.4 கோடியில் எட்டு ஆண்டு புதிய ஒப்பந்தம். பணத்தை எதற்காகச் சேமித்தார்கள் என்பது அப்போது தெரிந்தது.

பிறகு என்ன ஆனது?

ஹாலோவே அந்த சீசனில் 26 கோல் உட்பட 63 புள்ளிகள் எடுத்தார். ப்ரோபெர்க் 29. கால்கரியும் ப்ளூஸும் 96 புள்ளிகளுடன் சமநிலையில் முடிக்க, கூடுதல் வெற்றிகளின் அடிப்படையில் ப்ளூஸ் ப்ளேஆஃபுக்குள் நுழைந்தது. இந்த இருவர் இல்லாமல் அது நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஆயிலர்ஸும் மூழ்கிவிடவில்லை. 2025-லும் இறுதிப்போட்டிக்குப் போய், மீண்டும் ஃப்ளோரிடாவிடமே 4-2 எனத் தோற்றது. ஆனால் தடுப்பில் விழுந்த ஓட்டையை அடைக்க 2025 மார்ச்சில் ஜேக் வால்மேனை வாங்கியபோது, நிபந்தனையுடன் ஒரு முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்பையே கொடுக்க வேண்டியிருந்தது. அவரும் இடது கைதான். அக்டோபரில் அவருக்கு எழுதப்பட்ட ஏழு ஆண்டு ஒப்பந்தம், ஆண்டுக்கு 70 லட்சம் டாலர்.